பனிநிலத்திற்குச் சென்ற கண்ணாடியும் படச்சுருளும்



துருவப் பயணங்களின் வரலாற்றைப் படிப்போர் கப்பலின் உறுதியையும், சறுக்குவண்டி இழுத்த நாய்களின் தொகையையும், உணவுப் பொதிகளின் நிறையையும் பற்றி நிரம்ப அறிந்துகொள்கின்றனர். அப்பொதிகளின் நடுவே வைக்கப்பட்டிருந்த மற்றொரு பொருளைப் பற்றி அவர்கள் அத்துணை சிந்திப்பதில்லை. ஒளிபட்டால் உருவத்தைப் பற்றிக்கொள்ளும் வெள்ளி உப்புப் பூசிய கண்ணாடித் தட்டுகளும் படச்சுருள்களுமே அப்பொருள். எவ்வகைத் தட்டு, எத்தனை சுருள், எவ்வளவு பாரம் என்ற கேள்விகளுக்குப் பயணிகள் புறப்படுமுன் கூறிய விடையே, இன்று நாம் அவர்களின் முகங்களைக் காண்கிறோமா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. அத்தெரிவின் வரலாற்றையே இன்றைய பேச்சிற் சிறிது ஆராய்வோம்.

1839 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு டகேர் என்பார் தமது படமுறையை உலகுக்கு வெளியிட்டார். வெள்ளி பூசி மெருகிட்ட செப்புத்தகட்டில் உருவத்தைப் பதிக்கும் முறை அது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1845 இல், சேர் ஜோன் பிராங்கிளின் என்னும் பிரித்தானியக் கடற்றலைவர் எறெபஸ், டெறர் என்னும் இரு கப்பல்களுடன் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டார். புறப்படுமுன் அவரையும் அவருடைய அதிகாரிகளையும் இம்முறையிற் படம் பிடித்தனர். அப்படங்கள் இன்றும் உள்ளன. படம்பிடிக்கும் கருவியொன்றும் கப்பலில் ஏற்றப்பட்டது. ஆனால் சென்றவருள் ஒருவரேனும் மீளவில்லை. அக்கருவி ஆர்க்டிக்கிற் பிடித்த படம் ஒன்றேனும் இதுவரை நமக்குக் கிட்டவில்லை. எறெபஸ் 2014 இலும், டெறர் 2016 இலும் கனடாவின் வடகடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டன. குளிர்ந்த நீருக்குள் ஏதேனும் ஒரு தகடு எஞ்சியிருக்குமோ என்று ஆய்வாளர் ஏங்குவதற்குக் காரணம் இதுவே. தலைவர்களின் முகங்கள் நம்மிடம் உள. அவர்கள் கண்ட காட்சி நம்மிடம் இல்லை.

டகேரின் முறைக்குப் பின் வந்தது ஈரத்தட்டு முறை. கண்ணாடியின் மேற் கொலோடியன் என்னும் பசைக்கரைசலைப் பூசி, அதனை வெள்ளி நைத்திரேற்றில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படம்பிடித்து, ஈரம் உலருமுன்னே விளக்கியும் எடுத்தல் வேண்டும். எனவே படம்பிடிப்போன் செல்லுமிடமெல்லாம் இருட்டறையும் கூடச் செல்லல் வேண்டும். நீர் உறையும் நாட்டில் இதனைச் செய்வது எத்துணைத் தொல்லை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் செய்தனர். 1869 இல் அமெரிக்க ஓவியர் வில்லியம் பிராட்போர்ட், பொஸ்ரன் நகரத்துப் படக்கலைஞர் இருவரை அழைத்துக்கொண்டு பந்தர் என்னும் நீராவிக் கப்பலிற் கிறீன்லாந்துக் கரைக்குச் சென்றார். அங்கு எடுத்த படங்கள் 1873 இற் பெருநூலாக வெளிவந்தன. 1874 இற் சலஞ்சர் என்னும் ஆராய்ச்சிக் கப்பல் தென்துருவ வட்டத்தைக் கடந்தபொழுது, தென்கடலின் பனிமலைகள் முதன்முறையாகப் படத்தில் அகப்பட்டன. இவையெல்லாம் கப்பலின் மேற்றளத்திலிருந்தோ, கப்பலுக்கு அண்மையிலிருந்தோ பிடித்த படங்கள் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். ஈரத்தட்டுடன் பனிமேல் நெடுந்தூரம் நடத்தல் இயலாத காரியம்.

அவ்விலங்கை உடைத்தவை இரண்டு கண்டுபிடிப்புகள். 1871 இல் ஆங்கிலேய மருத்துவர் றிச்சட் மடொக்ஸ், கொலோடியனுக்குப் பதிலாக ஜெலற்றின் என்னும் வச்சிரத்தைப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். இதனால் உலர்தட்டு பிறந்தது. அதனைத் தொழிற்சாலையிற் செய்து, பெட்டியில் அடைத்து, வேண்டும்பொழுது படம்பிடித்து, மாதங்கள் கழித்து விளக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, 1889 இல் அமெரிக்கர் ஜோர்ஜ் ஈஸ்மனின் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த செலுலோயிட் படச்சுருள். இது கண்ணாடியின் பாரத்தையே நீக்கிவிட்டது.

அன்று தொடங்கித் துருவப் பயணியின் முன் ஒரு வழக்கு நின்றது. கண்ணாடியா, சுருளா?

கண்ணாடியின் பக்கம் கூறவேண்டுவன பல. அது வளையாது, சுருங்காது. அதனாற் படம் கூரியதாய் அமையும். தட்டு பெரிதாயின் நுணுக்கமும் பெரிதாகும். ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே விளக்கிப் பார்த்து, பிழையிருப்பின் மீண்டும் பிடிக்கலாம். ஆனால் அது பாரமானது, உடையக்கூடியது. சுருளோ இலேசானது, சட்டைப்பைக்குள் அடங்குவது, வீழ்ந்தாலும் உடையாதது. எனினும் கடுங்குளிரில் அது விறைத்து ஒடியும். ஈரப்பசையற்ற அக்காற்றில் விரைந்து சுழற்றினால் உராய்வினால் மின்பொறி தோன்றி, படத்தின்மேல் மின்னற்கொடி போன்ற கோடுகளை வரைந்துவிடும். நைத்திரேற்றாலான பழைய செலுலோயிட் எளிதில் தீப்பற்றும் தன்மையும் உடையது.

குளிர் செய்யும் குறும்பு இவ்வளவோடு நிற்பதில்லை. கமெராவின் மூடியை இயக்கும் எண்ணெய் உறைந்து இறுகும். அதனாற் சில பயணிகள் எண்ணெயை முற்றாகத் துடைத்தெடுத்துக் காரீயகத் தூளைப் பூசினர். உறைபனியில் நின்ற கருவியைச் சூடான குடிலுக்குட் கொணர்ந்தால், அறையின் ஈரம் வில்லையிலும் தட்டிலும் படிந்து பனியாகிவிடும். ஆதலாற் கருவியையும் தட்டையும் சிறிது சிறிதாகவே வெப்பத்துக்குப் பழக்கல் வேண்டும். உலோகத்தைத் தொட்ட வெறுங்கை ஒட்டிக்கொள்ளும். கையுறையுடனோ சிறு திருகுகளைத் திருப்புதல் அரிது.

இவற்றினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. அது ஒளியைப் பற்றியது. வெள்ளி உப்பு இயல்பாக நீல ஒளிக்கே மிகுதியாக இணங்கும். எனவே பழைய சாதாரணத் தட்டில் நீலவானமும் வெண்பனியும் ஒரே வெண்மையாய்ப் பதியும். முகில் மறையும். பனியின் மேடுபள்ளம் மறையும். நம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய பரப்பு, படத்தில் எழுதப்படாத தாள்போல் ஆகிவிடும். 1873 இற் செருமானிய அறிஞர் ஹேமன் வோகல், வெள்ளி உப்புடன் சில சாயங்களைச் சேர்த்தாற் பச்சை, மஞ்சள் ஒளிகளுக்கும் அது இணங்கும் எனக் கண்டார். அத்தகைய தட்டின் முன் மஞ்சட் கண்ணாடி ஒன்றை வைத்தால் நீல ஒளி தடுக்கப்படும், வானம் கருக்கும், முகில் எழும், பனியின் நீலநிழல்கள் தெளிந்து, காற்று உழுத வரிகள்கூடப் புலப்படும். ஆனால் மஞ்சட் கண்ணாடிக்கு விலை உண்டு. ஒளியைக் கொள்ளும் நேரத்தைச் சில மடங்கு கூட்டுதல் வேண்டும். அசையும் நாய்க்கும் அசையும் மனிதனுக்கும் அது ஒவ்வாது. எனவே தெரிவு என்பது கடையிலே ஒருமுறை செய்து முடிப்பதன்று. பனியிலே ஒவ்வொரு நாளும் செய்வது.

இத்தெரிவை நன்குணர்ந்து செய்தவருள் முதல்வர் ஹேபேட் பொன்ரிங். கப்ரன் ஸ்கொட் 1910 இல் டெரா நோவா கப்பலில் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டபோது இவரை அழைத்துச் சென்றார். தொழில்முறைப் படக்கலைஞர் ஒருவர் தென்துருவப் பயணக்குழுவில் இடம்பெற்றது இதுவே முதன்முறை. பொன்ரிங் கண்ணாடியின் பக்தர். பெரிய தட்டுகளையும் மஞ்சட் கண்ணாடிகளையும் கையாண்டு அவர் எடுத்த பனிக்குகைப் படத்தையும், கப்பற் படங்களையும் விஞ்சுவன இன்றும் அரியன. எவான்ஸ் முனையிற் கட்டிய குடிலில் அவருக்கென ஓர் இருட்டறை அமைக்கப்பட்டது. பனியை உருக்கி நீர் பெற்று அங்கே தட்டுகளை விளக்கினார். ஒருமுறை அவருடைய நாவின் நுனி கமெராவின் உலோகத்திற் பட்டு ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் அங்கேயே நின்றுவிட்டது. வண்ணப் படத்தையும் அவர் முயன்றார். லூமியேர் சகோதரர்கள் 1907 இல் விற்பனைக்கு விட்ட, சாயமூட்டிய உருளைக்கிழங்கு மாவுமணிகளைப் பூசிய தட்டுகளில் அந்திவானத்தைப் பதித்தார்.

ஆனால் துருவத்துக்குச் சென்ற ஐவருள் பொன்ரிங் இல்லை. அவருடைய கண்ணாடியும் செல்லவில்லை. ஒவ்வோர் இறாத்தலையும் மனிதர் தம் தோளால் இழுத்துச் செல்லவேண்டிய வழி அது. எனவே பொன்ரிங் ஆசிரியராக மாறினார். ஸ்கொட்டுக்கும் பவர்ஸ் முதலியோர்க்கும் படம்பிடிக்கக் கற்பித்தார். சறுக்குவண்டியில் ஏறியது சிறு கமெராவும் படச்சுருளுமே. 1912 சனவரி 17 ஆம் நாள் அவர்கள் துருவத்தை அடைந்தனர். நோர்வே நாட்டு அமுண்ட்சென் அவர்களை முந்திச் சென்றுவிட்டதை அங்கு கண்டனர். மறுநாள் பவர்ஸ் நூல் ஒன்றை இழுத்துக் கமெராவை இயக்கினார். ஐவரும் படத்தில் அமைந்தனர். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். அவ்வாண்டு நவம்பர் 12 ஆம் நாள் தேடிச் சென்றோர் கூடாரத்தைக் கண்டபோது, உடல்களோடும் நாட்குறிப்புகளோடும் விளக்கப்படாத படச்சுருள்களும் கிடைத்தன. அவற்றை விளக்கியபொழுது ஐந்து முகங்கள் எழுந்தன. களைப்பையும் ஏமாற்றத்தையும் அம்முகங்களிற் கண்டவர் எவரும் மறப்பதில்லை. கலைச்சிறப்பில் இது பொன்ரிங்கின் தட்டுகளுக்கு ஈடாகாது. சான்றுச் சிறப்பில் அவற்றுள் எதுவும் இதற்கு ஈடாகாது.

அமுண்ட்சென்னின் வெற்றிப் படத்துக்கும் இத்தகைய கதையே உண்டு. அவருடைய சொந்தக் கமெரா பழுதுற்றது. துருவத்திற் கூடாரத்தின் முன் கொடிநோக்கி நிற்கும் அப்புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் குழுவில் ஒருவராகிய ஒலாவ் பியோலான்ட். எடுத்தது அவர் தமக்கெனக் கொண்டுவந்த எளிய கொடாக் கமெரா. திட்டத்தில் முதலிடம் பெறாத கருவியே வரலாற்றைக் காத்தது.

கண்ணாடியின் பாரம் மனிதனை எந்நிலைக்குத் தள்ளும் என்பதை அறிய, பிராங் ஹேலியின் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். அவர் அவுஸ்திரேலியர். சேர் ஏர்ணெஸ்ற் ஷக்கிள்டன் 1914 இல் எண்டியூரன்ஸ் கப்பலிற் சென்றபோது உடன்சென்றவர். 1915 சனவரியில் அக்கப்பல் வெடல் கடலின் பனியில் அகப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்து இரவொன்றில், ஹேலி பனிக்கட்டிகளின் மறைவில் ஏறத்தாழ 20 ஒளிப்பொடிகளை வெடித்து, இருளில் வெண்பூதம்போல் நிற்கும் அக்கப்பலைத் தட்டிற் பதித்தார். ஒக்டோபர் 27 ஆம் நாள் பனியின் நெருக்கத்தாற் கப்பல் சிதையவே அதனைக் கைவிட்டனர். ஆளொருவருக்குச் சொந்தப் பொருள் இரண்டு இறாத்தல் மட்டுமே என ஷக்கிள்டன் கட்டளையிட்டார். தங்கநாணயங்கள்கூடப் பனியில் எறியப்பட்டன.

தட்டுகளோ மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள் இருந்தன. ஹேலி ஆடைகளைக் களைந்து, பனிக்குழம்பாய் நின்ற நீருக்குள் இறங்கி, மரச்சுவரைக் கோடரியாற் பிளந்து பெட்டிகளை மீட்டார். தட்டுகள் உலோகத்தகடு வேய்ந்து பற்றவைத்த பெட்டிகளில் இருந்தமையால் நீர் புகவில்லை. பெட்டியைத் தெரிந்தெடுத்த முன்யோசனை அங்கே பயன்தந்தது.

ஆனால் மீட்டவை அனைத்தையும் கொண்டுசெல்ல வழியில்லை. நவம்பர் 9 ஆம் நாள் ஹேலியும் ஷக்கிள்டனும் பனிமேல் அமர்ந்து தட்டுகளை ஒவ்வொன்றாய் ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தனர். ஏறக்குறைய 120 தட்டுகள் தெரியப்பட்டன. ஏறக்குறைய 400 தட்டுகள் விலக்கப்பட்டன. விலக்கியவற்றை அங்கேயே போட்டு உடைத்தனர். ஏன் உடைத்தல் வேண்டும்? முழுதாய் விட்டுச் சென்றால், மனம் மாறி மீண்டும் எடுக்கத் தோன்றும். அவ்வாசை படகின் பாரமாகி உயிருக்கே உலைவைக்கும். தாம் ஓராண்டாய் உழைத்து ஆக்கியதைத் தம் கையாலேயே நொறுக்கிய அக்கலைஞரின் உள்ளத்தை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். எஞ்சியவற்றைப் பெட்டியிலிட்டு மீண்டும் பற்றவைத்தார். பெருங்கமெராக்களை விடுத்து, சட்டைப்பைக் கொடாக் ஒன்றையும் மூன்று படச்சுருள்களையுமே வைத்துக்கொண்டார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றுக்கு அம்மூன்று சுருள்களே சான்று. 1916 ஏப்பிரிலிற் படகுகள் யானைத் தீவை அடைந்தன. ஷக்கிள்டன் ஐவருடன் உதவி தேடிச் சிறுபடகிற் புறப்பட்டார். 22 பேர் கவிழ்த்த படகுகளின்கீழ் நான்கு மாதங்களுக்குமேல் காத்திருந்தனர். அவர்களுடைய படத்தை ஹேலி எடுத்தபோது, ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணியே செலவிட்டிருத்தல் வேண்டும். ஆகஸ்டு 30 ஆம் நாள் சில்லி நாட்டு யெல்சோ என்னும் கப்பல் அவர்களை மீட்டது. 28 பேரும் உயிர்தப்பினர், தட்டுகளும் தப்பின. எண்டியூரன்ஸ் கப்பல் 2022 மார்ச்சு மாதத்தில் ஏறக்குறைய 3,000 மீற்றர் ஆழத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் பனியில் உடைத்த அந்நானூறு தட்டுகளில் என்ன இருந்தன என்பதை இனி எக்கருவியாலும் அறிதல் இயலாது.

தெரிந்தெடுத்தவனும் மாண்டு, அவன் தெரிந்த பொருள் மட்டும் பேசிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1897 யூலை 11 ஆம் நாள் சுவீடன் நாட்டு அந்திரே என்னும் பொறியியலாளர், ஸ்பிட்ஸ்பேகன் தீவுக்கூட்டத்திலிருந்து வாயுக்கூண்டில் ஏறி வடதுருவம் நோக்கிப் பறந்தார். உடன்சென்ற இருவருள் நில்ஸ் ஸ்திரின்பேர்க் இருபத்துநான்கு வயதினர், பௌதிகம் கற்றவர், படம்பிடிப்பதில் வல்லவர். வானிலிருந்து நிலப்பரப்பை அளந்து வரைவதற்கெனச் செய்த தனிக் கமெராவை அவர் கொண்டுசென்றார். கூண்டோ மூன்றாம் நாளே பனியில் வீழ்ந்தது. நிலப்படத்துக்கென வந்த கமெரா அன்றிலிருந்து வேறு பணியை ஏற்றது. சாய்ந்து கிடக்கும் கூண்டையும், அதனை நோக்கி நிற்கும் இருவரையும், சுட்டு வீழ்த்திய பனிக்கரடியையும் ஸ்திரின்பேர்க் பதித்தார். மாதக்கணக்கில் நடந்து, ஒக்டோபர் மாதத்தில் வெண்தீவு என்னும் தனித்தீவை அடைந்து, மூவரும் அங்கே இறந்தனர். உலகம் அவர்களின் முடிவை அறியாதிருந்தது.

33 ஆண்டுகள் கழிந்தன. 1930 ஆகஸ்டு மாதத்தில் நோர்வேக் கப்பலொன்று அத்தீவை அணுகியபோது அவர்களின் தங்குமிடம் அகப்பட்டது. நாட்குறிப்புகளோடு படச்சுருள்களும் கிடைத்தன. ஸ்ரொக்கோம் நகரத்தில் ஜோன் ஹேட்ஸ்பேர்க் என்னும் படக்கலை அறிஞர் அவற்றை மிக்க பொறுமையோடு விளக்கினார். 240 படங்கள் இருந்திருக்கக்கூடிய சுருள்களிலிருந்து 93 படங்கள் மீண்டன. ஒரு தலைமுறைக்காலம் பனியிலும் ஈரத்திலும் கிடந்த வெள்ளி உப்பு, தான் கண்ட ஒளியை மறவாது வைத்திருந்தது.

இது எவ்வாறு இயன்றது? படத்தை அழிக்கும் பகைகள் வெப்பமும் ஈரமும். நம்முடைய வெப்பநாட்டில் பேழைக்குள் வைத்த படமும் சில ஆண்டுகளிற் பூஞ்சணம் பற்றி மங்குவதை நாம் அறிவோம். ஜெலற்றின் பூஞ்சணத்துக்கு உணவு. கடுங்குளிரில் அவ்வுயிர்கள் வளர்வதில்லை. இரசாயன மாற்றங்களும் மந்தமாகவே நிகழ்கின்றன. எடுப்பவனுக்குப் பகையான குளிர், எடுத்த படத்துக்குக் காவலாயிற்று. 2013 இல் நியூசிலாந்து அறிஞர்கள் எவான்ஸ் முனைக் குடிலைப் பேணும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, பொன்ரிங்கின் பழைய இருட்டறையிலே ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த 22 நைத்திரேற்றுப் படங்கள் அகப்பட்டன. அவை ஷக்கிள்டனின் மற்றொரு குழுவினர், கப்பலைப் புயல் கொண்டுபோகவே அங்கு சிக்குண்ட காலத்துக்குரியவை. ஏறக்குறைய நூறாண்டின் பின் அவற்றைப் பிரித்துத் துலக்கியபோது, அறியப்படாத காட்சிகள் வெளிவந்தன.

இன்று துருவம் செல்வோர் பெரும்பாலும் எண்முறைக் கமெராக்களைக் கொண்டுசெல்கின்றனர். பாரம் குறைந்தது, படத்தொகைக்கு எல்லையும் அகன்றது. எனினும் குளிரில் மின்கலம் விரைவிற் சோர்வதும், வெப்ப அறையில் ஈரம் படிவதும், பனியின் வெண்மை அளவுமானியை மயக்குவதும் இன்றும் தீர்ந்தபாடில்லை. படச்சுருளை விரும்பி எடுத்துச் செல்வோரும் உளர். அவர்கள் முன் நிற்பன பொன்ரிங்கும் ஹேலியும் எதிர்கொண்ட அதே கேள்விகளே.

வரலாறு பயில்வோர் இக்கதைகளிலிருந்து கொள்ளத்தக்க பாடம் யாது? நம் கைக்கு வந்த சான்றுகளெல்லாம் ஒருவர் தெரிந்தெடுத்தவை. அவற்றின் பின்னால் விலக்கப்பட்டவை பல உள. துருவத்தின் படத்தைப் பார்க்கும்போது, அது ஏன் நம்மிடம் உள்ளது என்றும் கேட்டல் வேண்டும். சிறந்த கருவி குடிலில் நின்றது. இலேசான கருவி முடிவுவரை சென்றது. அரிய தட்டுகள் அழகைத் தந்தன. எளிய சுருள்கள் உண்மையின் கடைசிப் பக்கத்தைத் தந்தன. இரண்டும் வேண்டற்பாலனவே. ஆயினும் பனியில் நடந்து களைத்த மனிதர், உணவைக் குறைத்தும் உடைமையைக் களைந்தும், அச்சிறு சுருளை மட்டும் எறியாது வைத்திருந்தனர். தாம் திரும்பாவிடினும் தாம் கண்டது திரும்பவேண்டும் என அவர்கள் எண்ணினர் போலும். அவ்வெண்ணம் வீண்போகவில்லை.